மச்சானுக்கு வைக்காத வெற்றிலை

“கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, அண்ணி” என்றான் ஜெயபாலன்.

சந்திரமதி தன் கணவனின் தலையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். ஜெயபாலன் வெள்ளைத் துணிக்கீற்றை அண்ணனின் தாடைக்குக் கீழே கொடுத்து, காதுகளை ஒட்டி மேலே கொண்டுவந்து, உச்சியில் முடிச்சுப் போட்டான். கையை எடுத்ததும் முடிச்சு நெகிழ்ந்தது. ராஜரத்தினத்தின் வாய் மெல்லத் திறந்துகொண்டது, அடுத்த வார்த்தைக்கு மூச்சு வாங்குகிறவன் மாதிரி.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்களில் யாரோ ஒருத்தி, “உசுரோட இருக்கறப்பவே அந்த வாயை யாராலயும் மூட முடியல. இப்ப மட்டும் மூடிருமா?” என்றாள். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்ததும் பயந்துபோய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்கள்.

சந்திரமதிக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவள் புருஷன் விஷயத்தில் ஊருக்குச் சிரித்துத்தான் பழக்கம்.

நேற்றுப் பகலில்கூட அப்படித்தான் நடந்தது. ராஜரத்தினம் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். மலாக்காவுக்கும் தம்பினுக்கும் இடையே ஓடும் பஸ்களில் ஏறி இறங்குவதுதான் வேலை. நேற்று ஏறிய பஸ்ஸில் பருத்த ஆசாமி ஒருவரைப் பார்த்து, “அண்ணே, ரெண்டு டிக்கெட்டா எடுங்க. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு உங்களுக்கு முன்னாடியே ஏறி உக்காந்திருக்கிற தொப்பைக்கு” என்றிருக்கிறான். பஸ்ஸே சிரித்தது. அந்த ஆசாமியும் சிரித்தார். ராஜரத்தினம் மார்பைப் பிடித்துக்கொண்டு கம்பியோடு கம்பியாகச் சரிந்தான். அதுவும் வேடிக்கையில் சேர்ந்ததுதான் என்று நினைத்துப் பின்சீட்டில் கைதட்டினார்கள். டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்க்கும்வரை கைதட்டல் ஓயவில்லையாம்.

ஜெயபாலன் இந்தத் தடவை இரட்டை முடிச்சாகப் போட்டான். வாய் மூடிக்கொண்டது. அவன் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணியின் பக்கத்தில் குந்தினான்.

“உங்க அண்ணனுக்கு நேத்தே ஆள் போய்ச் சொல்லிட்டு வந்தாச்சு. இன்னிக்குக் காலையில நானே போனேன். கதவைத் திறந்தாரு. முழுசா கேட்டுக்கிட்டாரு. ஒரு வார்த்தை பேசல. கதவைச் சாத்திட்டாரு.”

“அழுதாரா?”

“தெரியல அண்ணி. சும்மா பார்த்தாரு.”

சந்திரமதி கணவனின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள்.

“சாயங்காலம் மழை கட்டும். அதுக்கு முன்னாடி எடுத்தாகணும்” என்று குரலைத் தாழ்த்தினான் ஜெயபாலன். “பொறந்த வீட்டுக் கோடி வராம எப்படி எடுக்கிறது?”

அதுதான் காலையிலிருந்து அந்த வீட்டில் எல்லோர் வாயிலும் அரைபட்டுக்கொண்டிருந்த கேள்வி. புருஷனைத் தூக்குவதற்கு முன்னால், பெண்ணின் கூடப்பிறந்தவன் ஒரு புதுப்புடவையோடு வந்து அவள் தோளில் போட வேண்டும். பெயர் கோடி. வெறும் துணிதான். ஆனால் ‘இவள் அநாதை இல்லை, இவளுக்கு ஒரு வீடு இன்னும் இருக்கிறது’ என்று நாலு பேர் பார்க்கச் சொல்கிற துணி. சந்திரமதிக்குக் குழந்தை இல்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இருப்பது ஒரே ஓர் அண்ணன், கருணாகரன். இந்தக் காஜா பெராங்கிலிருந்து அவன் வீடு இருக்கும் பண்டார் ஹிலிர் என்ன, சீமையிலா இருக்கிறது? சைக்கிளை மிதித்தால் ஒரு சுருட்டு அணைவதற்குள் வந்துவிடலாம். அந்தத் தூரத்தைத்தான் அவன் தைப்பூசத்திலிருந்து கடக்கவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை.

இன்று வருவானா?

*

பஸ்ஸில் ராஜரத்தினம் பேசியது வாயரிப்பு. மேடையில் பேசியதுதான் அவனுடைய கலை.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், தமிழர் சங்கத்து மண்டபத்தில் நடந்த கலைவிழாவில் அது ஆரம்பித்தது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரை மேடை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைப்பான். கழுத்தில் மாலை போட்டு, குனிந்து கும்பிடுவான். அப்புறம் நிமிர்ந்து, அரைமணி நேரம் அந்த ஆளைக் கிழிகிழியென்று கிழிப்பான். அதற்கு ‘மரியாதைக் கச்சேரி’ என்று பெயர். வெள்ளைக்காரன் இருந்தவரை நாற்காலியில் இருப்பவர்களைக் கும்பிட்டு மட்டுமே பழகிய ஜனத்துக்கு அது புது ருசியாக இருந்தது. நாளாக ஆக, ராஜரத்தினத்திடம் வசவு வாங்காதவர் பெரிய மனிதரே இல்லை என்று ஆகிவிட்டது. வசவு வாங்குவதற்கே சிபாரிசு பிடித்தார்கள்.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சேதுராமன் முதலாளியை ஒருமுறை உட்காரவைத்தான். “மத்த கடையில சேலை நனைஞ்சாத்தான் சுருங்கும். நம்ம முதலாளி கடையில கெஜக்கோலே சுருங்குது!” மண்டபம் அதிர்ந்தது. முதலாளி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் கடையில் கூட்டம் இரட்டிப்பானது.

இத்தனை பேரைத் திட்டியும் ஒருவர்கூட அவனிடம் சண்டைக்கு வந்ததில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஊருக்குத் தெரியாது, சந்திரமதிக்குத் தெரியும்.

கச்சேரிக்கு முதல் நாள் ராஜரத்தினம் குளித்து, திருநீறு பூசி, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு, யாரைத் திட்டப் போகிறானோ அவர் வீட்டுக்குப் போவான். தட்டை முன்னால் வைத்து, “எதைத் தொடக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க” என்பான். சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சிலர் நெடுநேரம் வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்வார்கள். சிலர் அழுதிருக்கிறார்களாம். சொன்ன பிறகு தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான், உடன்படிக்கை முடிந்தது. அந்த ஒரு விஷயத்தை ராஜரத்தினம் மேடையில் தொடமாட்டான். மற்ற எல்லாவற்றையும் நார்நாராக உரிப்பான்.

“என்ன சொன்னாரு?” என்று அவள் கேட்டால், “காது கேக்கல” என்பான்.

அந்த வழக்கத்தை அவன் ஒரே ஒரு முறைதான் மீறினான்.

இந்த வருஷம் தை மாதம் கோலாலம்பூரிலிருந்து அழைப்பு வந்தது. மரியாதைக் கச்சேரியை டெலிவிஷனில் காட்டப் போகிறார்கள். நாடறிந்த ஆள் யாரையாவது நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்றார்கள். ராஜரத்தினத்துக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மச்சான் கருணாகரன் இருக்கிறானே! மலாக்கா மாநிலத்துக்குக் கோல்கீப்பராக நின்றவன். இப்போது சுங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தாலும், பந்தாட்டம் பார்க்கிற தமிழனுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்காது.

“அண்ணனுக்கும் ஒரு தட்டு வெத்தல கொண்டுபோய் வெச்சுட்டு வாங்களேன்” என்றாள் சந்திரமதி.

“உங்க அண்ணனுக்கா? போடி. மச்சானைக் கேலி பண்றதுக்கு மச்சான்கிட்டயே பெர்மிஷன் வாங்கினா, அப்புறம் முறை எதுக்கு? ஊர் கைகொட்டிச் சிரிக்கும்.”

அவளும் சிரித்தாள். அவன் சொன்னதில் தப்பில்லை. மாமன் மச்சானுக்குள் கேலி பிறவி உரிமை. கேலி பண்ணாமல் விட்டால்தான், ‘என்ன, ஏதாவது மனஸ்தாபமா?’ என்று கேட்பார்கள்.

அவள் முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து, “உங்க அண்ணனைப் பத்தி புதுசா எதாச்சும் சொல்லேன். என்கிட்ட இருக்கிறதெல்லாம் பழைய கோல் கதையா இருக்கு” என்றான்.

அவள் சொன்னாள். ஜப்பான்காரன் காலம். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க லாரி வந்துவிட்டது. அண்ணனுக்கு அப்போது மீசை அரும்புகிற வயசு. அம்மா தன்னுடைய கத்தரிப்பூ நிறப் புடவையை அவனுக்குச் சுற்றிவிட்டு, முக்காடு போட்டு, வாயில் வெற்றிலையைத் திணித்து அடுப்படியில் உட்காரவைத்தாள். உள்ளே வந்த சிப்பாய் அவனைப் பார்த்து இளித்தான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ராஜரத்தினம் தரையில் உருண்டு சிரித்தான்.

அந்தக் கதையை அவள் எப்போதும் அந்த இடத்தோடு நிறுத்திவிடுவாள். மனசுக்குள் சொல்லிக்கொண்டாலும் அதற்கு மேல் போவதில்லை.

தைப்பூசத்தையொட்டி நிகழ்ச்சியைக் காட்டிய மாலை, சேதுராமன் முதலாளி வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. டெலிவிஷன் பெட்டிக்குள் ராஜரத்தினம் சின்னதாகத் தெரிந்தான். கருணாகரன் மாலையும் கழுத்துமாக நாற்காலியில் இருந்தான்.

“எங்க மச்சான் பெரிய கோல்கீப்பர். பந்து வலது பக்கம் வந்தா இடது பக்கம் பாய்வாரு. ஏன் மச்சான்னா, ‘வர்றவங்களுக்கு வழிவிடணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்திருக்கா’ம்பாரு!”

பெட்டிக்குள்ளும் சிரிப்பு, கூடத்திலும் சிரிப்பு. கருணாகரனும் வாய்விட்டுச் சிரித்தான்.

“ஜப்பான்காரன் வந்தப்ப ஊரே காட்டுக்கு ஓடிச்சு. மச்சான் ஓடல. வீரன்! அம்மாவோட கத்தரிப்பூ கலர் சேலையைக் கட்டிக்கிட்டு, முக்காட்டைப் போட்டுக்கிட்டு அடுப்பங்கரையில குந்திட்டாரு. சிப்பாய் பார்த்தான், கண்ணடிச்சான். மச்சானுக்கு வெக்கம் வந்திருச்சு. ஒரு பந்தையும் பிடிக்காத கை, அன்னிக்கு அந்த முக்காட்டை மட்டும் விடாமப் பிடிச்சிருக்கு!”

மண்டபத்தில் தூரத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் டெலிவிஷன்காரர்கள் அந்த நேரம் பார்த்துக் கருணாகரன் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். கண்ணாடி முழுக்க அந்த ஒரு முகம். உதடு சிரித்தபடி அப்படியே நின்றுபோயிருந்தது. கண் அசையவில்லை. விளக்கும் காமிராவும் எதிரே இருக்கும்போது எழுந்து போகவும் முடியாமல், இரண்டு கைகளாலும் மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கூடமே சிரித்துக்கொண்டிருந்தபோது, சந்திரமதிக்கு மிச்சக் கதை வந்துவிட்டது.

சிப்பாய் இளித்துவிட்டுப் போய்விடவில்லை. ‘இந்த வீட்டில் ஆம்பளை யார்?’ என்று கேட்டான். வீட்டுக்கு ஓர் ஆள் லாரியில் ஏறியாக வேண்டும். முதுகுவலியோடு படுத்திருந்த அப்பா எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனார். திரும்பினால் சிப்பாயும் திரும்பிப் பார்ப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சயாமிலிருந்து அவர் வரவேயில்லை. அம்மா அந்தப் புடவையை அடுப்பில் போட்டு எரித்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியது கிடையாது.

ராஜரத்தினம் கோலாலம்பூரிலிருந்து திரும்பியதும் அவள் மிச்சத்தை அழுதுகொண்டே சொன்னாள். மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு பண்டார் ஹிலிருக்குப் போனான். மத்தியானம் திரும்பினான். தட்டில் ஒரு வெற்றிலைகூடக் குறையவில்லை.

“என்ன சொன்னாரு?”

“உங்க அண்ணனுக்கு என் மேலதான் கோவம். உன் மேல ஒண்ணுமில்ல. நீ மனசைப் போட்டு உழப்பிக்காத.”

“யாரு சொன்னான்னு கேட்டாரா?”

“கேக்கல.”

அவள் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது. அண்ணனுக்கும் புருஷனுக்கும் ஏதோ மனஸ்தாபம், நடுவில் தான் என்ன செய்வது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

ராஜரத்தினம் அதற்குப் பிறகு மேடையேறவில்லை. தொண்டை சரியில்லை என்றான். பஸ்ஸில் மட்டும் பேசினான்.

*

உச்சிப்பொழுது சாய்ந்தது. வாசலில் தப்புக்காரர்கள் வந்து, வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கம்போங் செட்டியிலிருந்து வந்திருந்த, ஊருக்கே அத்தை முறையான அலமேலு பிபிக், சாரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே ஊன்றிவிட்ட செட்டிக் குடும்பம்; மலாய்தான் அவளுக்கு வீட்டுப் பேச்சு. சந்திரமதியின் முதுகைத் தடவி, “சாபார், நாக், சாபார்” என்று பொறுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சேதுராமன் முதலாளி ரோஜா மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். கடைசியில் சந்திரமதியின் பக்கத்தில் குனிந்தார்.

“தங்கச்சி, இது கேக்கிற நேரமில்ல. ஆனாலும் கேக்கிறேன். அவரு வீட்டுல… எங்களைப் பத்தியெல்லாம் உன்கிட்ட ஏதாச்சும் பேசுவாரா?”

“எதுவும் சொன்னதில்ல, முதலாளி.”

“ஒண்ணும்?”

“நான் கேட்டாலும் சொல்லமாட்டாரு.”

முதலாளி வயிற்றிலிருந்து மூச்சு விட்டார். அவருக்கு முன்னால் வந்துபோன சங்கத் தலைவரும் இதே மாதிரிதான் சுற்றிவளைத்து எதையோ கேட்டுவிட்டு, இதே மாதிரிதான் மூச்சு விட்டார். ஊரெல்லாம் புண்ணைக் கொண்டுவந்து இந்த மனிதனிடம் கொடுத்துவைத்திருக்கிறது என்று சந்திரமதிக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. எதையும் வெளியில் விடாத மனிதன் ஊருக்கு முன் உளறியது ஒன்றே ஒன்றைத்தான். அது அவள் கொடுத்தது.

பாரம் இறங்கியதும் முதலாளிக்கு மனசு தாராளமாகிவிட்டது. “ஜெயபாலன் சொன்னான். கோடிக்காகக் காத்திருக்கீங்களாமே? கடையிலருந்து நல்லதா ஒண்ணு எடுத்துவரச் சொல்றேன். நான் உனக்கு அண்ணன் இல்லையா? நானே போடறேன்.”

ஜெயபாலன் முகம் மலர்ந்தது. “அண்ணி, முதலாளியே சொல்றாரு. வேற என்ன வேணும்? மானம் கறுத்துட்டு வருது.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தலையை அசைத்தால் போதும், காரியம் ஆகிவிடும். ஆனால் முதலாளி கோடி போட்ட செய்தி அரைமணியில் பண்டார் ஹிலிருக்குப் போய்விடும். அதன் பிறகு அண்ணன் வரவேண்டிய அவசியமே இருக்காது. அவனுக்கு அது விடுதலைச் சீட்டு. அவளுக்கு அந்த வாசல் அடைத்தது அடைத்ததுதான்.

“வேண்டாம், முதலாளி. அண்ணன் வரட்டும்.”

“வரலன்னா?” என்றான் ஜெயபாலன்.

“வரட்டும்.”

“இப்படியே போட்டு வெச்சிருக்க முடியுமா அண்ணி? உங்க அண்ணன் வீம்புக்கு எங்க அண்ணன் காத்துக் கெடக்கணுமா? செத்த பொறகுமா?”

சுவரோரப் பெண்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். ‘என்ன இருந்தாலும் இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது.’ சந்திரமதி கணவனின் கட்டிய தாடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யார் வீம்பு, யார் காத்துக் கிடக்கிறார் என்று ஜெயபாலனுக்குச் சொல்ல வேண்டுமானால், முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மழை விழத் தொடங்கியது. தகரக் கூரை முழங்கியது. பாடைப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார்கள். ஜெயபாலன் வாயைத் திறக்கப்போன நேரத்தில், தெருமுனையில் யாரோ, “கோல்கீப்பர் வர்றாரு!” என்றார்கள்.

*

கருணாகரன் மழைக்கோட்டைக் கழற்றி வேலியில் போட்டான். அதற்குள் பத்திரமாக வைத்திருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டான். சைக்கிளில் ஒரு டிபன் கேரியர் தொங்கியது. அதை அலமேலு பிபிக் வாங்கிக்கொண்டாள். ஆண்கள் வழிவிட்டார்கள். மச்சான் பிணத்துக்கு முன்னால் மச்சான் என்ன செய்வான் என்று பார்க்க எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் உள்ளே வந்து உடலைப் பார்த்தான். தலைமாட்டில் தங்கையின் எதிர்ப்பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பந்து பட்டுப் பட்டுக் கோணிப்போன விரல்களால், ராஜரத்தினத்தின் நெற்றியில் ஒட்டியிருந்த பூவிதழை எடுத்தான்.

வாசலில் தப்பு அடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்திலும் மழையிலும் பக்கத்தில் இருப்பவரின் பேச்சே கேட்காது. கருணாகரன் குனிந்து, பிணத்தின் காதோடு பேசினான். அது எதிரே இருந்த சந்திரமதிக்கு மட்டும் கேட்டது.

“படுத்துட்டியா, மாப்ள?”

கொஞ்சநேரம் பதிலுக்குக் காத்திருப்பவன் மாதிரி இருந்தான்.

“ஊரையே வாயால அடிச்சவன்டா நீ. ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லத் தெரியல. வெத்தலத் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்தியே, யாரு சொன்னான்னு கேட்டேன். ‘நானே இட்டுக்கட்டினேன் மச்சான், டெலிவிஷன்ல நாலு பேரு சிரிக்கணும்ல’ன்ன. கத்தரிப்பூ கலருன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னேன். ‘குத்துமதிப்பா அடிச்சேன்’னுட்ட. குத்துமதிப்பா!”

சந்திரமதியின் கை கணவனின் தலையணை ஓரத்தைப் பற்றிக்கொண்டது.

“அந்த வீட்டுக்குள்ள அன்னிக்கு இருந்தது நாலு பேரு. அப்பா போயிட்டாரு. அம்மா போயிட்டா. நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல.” அவன் இன்னும் தங்கையைப் பார்க்கவில்லை. “எனக்கு உன் மேல கோவமே இல்லடா. மச்சான் முறை, நீ பேசுவ. உனக்கு முழுசாத் தெரியாது. தெரிஞ்சவ மேல இருந்த கோவத்துக்கு உன்னை வாசல்ல நிக்க வெச்சேன். மத்தியானம் வரைக்கும் வெயில்ல நின்ன. உள்ள வாடான்னு ஒரு வார்த்தை…”

தப்புச் சத்தம் ஏறியது. அவன் உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

ஆக, அண்ணனுக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்று இந்த மனிதனுக்கும் தெரியும். தெரிந்தும் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, ‘என் மேலதான் கோவம்’ என்றிருக்கிறான். தைப்பூசத்திலிருந்து நேற்றுக் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை, ஒரு வாய் தவறிக்கூட அவளிடம் விட்டதில்லை.

“அண்ணே…”

“பேசாத, சந்திரா.”

“அண்ணே, நான்தான்…”

“பேசாதன்னேன்ல.” இப்போதுதான் அவளைப் பார்த்தான். டெலிவிஷனில் பார்த்த அதே அசையாத கண். “இவன் கடைசி வரைக்கும் மூடி வெச்சுட்டுப் போயிருக்கான். அதை நீ தொறக்காத.”

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கருணாகரன் எழுந்தான். பொட்டலத்தைப் பிரித்தான். வெள்ளைப் புடவை. கடைமடிப்பு கலையாமல் விறைப்பாக இருந்தது. பெண்கள் சந்திரமதியைத் தூக்கி நிறுத்தினார்கள். ஊர் பார்க்க, அவன் புடவையை விரித்து அவள் தோளில் போட்டான். போடும்போது அவன் விரல் அவள் மேல் படவில்லை. பெண்கள் ஓவென்று கதறினார்கள். அவன் ஒதுங்கி, பல்லக்கின் முன்கம்பைத் தோளில் வாங்கிக்கொண்டான். ஜெயபாலன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். மழையோடு மழையாக ராஜரத்தினம் தெருமுனை திரும்பிப் போய்விட்டான்.

*

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது மழை விட்டிருந்தது. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை இன்னும் காயவில்லை. விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஜெயபாலன் புக்கிட் ரம்பாயில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய் மாட்டைக் கட்டிவிட்டுக் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். கருணாகரன் போகவில்லை. ஈர வேட்டியோடு கதவுக்குப் பக்கத்தில் நின்றான். உட்காரு என்று அவளும் சொல்லவில்லை, உட்காரட்டுமா என்று அவனும் கேட்கவில்லை.

அலமேலு பிபிக்தான் இரண்டு தட்டுகளைத் தரையில் வைத்து, டிபன் கேரியரைத் திறந்தாள். “மாக்கான், மாக்கான்” என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். கருணாகரனின் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். சந்திரமதியையும் கைபிடித்து இழுத்துவந்து எதிரில் உட்காரவைத்தாள். சோற்றைப் போட்டு, பருப்புக் குழம்பை ஊற்றிவிட்டு, பாத்திரம் கழுவக் கொல்லைப்பக்கம் போனாள்.

பிறந்த வீட்டிலிருந்து வந்த சோறு. கருணாகரனின் மனைவி நேரமில்லாமல் அவசரத்தில் வடித்திருக்க வேண்டும், அல்லது அழுதுகொண்டே வடித்திருக்க வேண்டும். முதல் கவளத்திலேயே சந்திரமதிக்குத் தெரிந்துவிட்டது. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கருணாகரனின் தாடை ஒரு கணம் நின்றது. பிறகு மென்றது. விழுங்கினான்.

வாசலில் பிரம்பு நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது.

அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்துவிட்டு, இருவருக்கும் நடுவில் வைத்தான். அவள் எடுத்துக் குடித்துவிட்டு, அதே இடத்தில் வைத்தாள். அவன் கேரியரைத் தன் பக்கம் இழுத்து, இன்னொரு கரண்டிக் குழம்பைத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டான். அவளும் தட்டை நீட்டினாள். அவன் ஊற்றினான்.

இருவரும் தலையைக் குனிந்தபடி பிசைந்து சாப்பிட்டார்கள்.